வெளிச்சந்தை உதிரிபாகம் மாட்டியதால் மைலேஜ் கூடியதா, வேறு காரணமா: எப்படிச் சோதித்து அறிவது?

கேள்வி: பரமத்தி லாரிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நான் இரண்டு பன்னிரண்டு சக்கர லாரிகளை வைத்துத் தொழில் செய்கிறேன். இரண்டும் 2021ஆம் ஆண்டு ஒரே மாதத்தில் எடுத்த, ஒரே மாதிரியான பிஎஸ்6 வண்டிகள். மொத்த எடை 35 டன். அரியலூரில் சிமெண்ட் ஏற்றி பெங்களூருவில் இறக்கிவிட்டு, திரும்பும்போது கோழித்தீவனத்துக்கான மக்காச்சோளத்தைக் கர்நாடகத்திலிருந்து நாமக்கல்லுக்குக் கொண்டுவருவது வழக்கம்.

கடந்த மே மாதத்தில் முதல் வண்டியின் மைலேஜ் லிட்டருக்கு 3.6 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. அந்தக் கவலையில் இருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் சொன்ன கடையில் ஜூன் தொடக்கத்தில் இரண்டு பொருள்களை மாட்டினேன். ஒன்று, காற்று தாராளமாக உள்ளே போகும் என்று சொல்லப்படும் ஏர் ஃபில்டர். மற்றொன்று, எஞ்சினின் டீசல் ரெயிலில் இருக்கும் பிரஷர் சென்சார் ஒயரில் இணைக்கும் சிறிய பவர் பாக்ஸ். இரண்டுக்கும் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று. மாட்டும்போதே டீசல் ஃபில்டரை மாற்றி, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழுவி, எல்லா டயர்களுக்கும் காற்றைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். அதே வாரத்தில் பின்பக்க டயர்கள் தேய்ந்திருந்ததால் எட்டையும் புதிதாக மாற்றினேன். பிரேக் ட்ரம்மில் உராய்ந்து வண்டியை நிறுத்தும் பிரேக் லைனரையும், ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்று உறுதி சொன்ன வேறொரு தயாரிப்புக்கு மாற்றினேன்.

ஜூன், ஜூலை கணக்கைப் பார்த்தால் மாதச் சராசரி 3.9 வருகிறது. டேஷ்போர்டிலோ 4.4 என்று காட்டுகிறது. தொப்பூர் ஏற்றத்தில் முன்னைவிட ஒரு கியர் குறைவாகவே இறக்க வேண்டியிருக்கிறது, இழுவை நன்றாக இருக்கிறது என்று டிரைவரும் சொல்கிறார். இந்த இரண்டு மாதங்களில் மக்காச்சோள லோடு சரியாகக் கிடைக்காமல், மாதத்தில் இரண்டு நடை வெறும் வண்டியாகவே திரும்ப வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வண்டிக்கும் இவற்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். நண்பர்களில் பாதிப்பேர் இவை அனைத்தும் ஏமாற்று என்கிறார்கள். மீதிப்பேர் மாட்டிப் பார்த்துப் பலன் கண்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு யாருடைய அபிப்பிராயமும் வேண்டாம். 3.6இலிருந்து 3.9 ஆனது இந்தப் பாகங்களால்தானா என்பதை நானே சோதித்துத் தெரிந்துகொள்ளும் வழி ஏதேனும் உண்டா? ஒரு ஆண்டுக்கு ஒரு வண்டி 80,000 கிலோமீட்டர் ஓடுகிறது. 20,000 லிட்டருக்கு மேல் டீசல் போடுகிறேன். ஒரு சதவீதம் மிச்சமானாலும் அது 18,000 ரூபாய் என்பதால்தான் கேட்கிறேன்.

பதில்: சேலம் ஓய்வுபெற்ற பராமரிப்பு மேலாளர்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி விடையை வைத்திருக்கிறீர்கள். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் 31 ஆண்டுகள் வண்டிப் பராமரிப்பைக் கவனித்தவன் என்ற முறையில், விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வெறும் வண்டியாகத் திரும்பிய நடைகளைக் கணக்கில் எடுங்கள். சமதளத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 35 டன் வண்டியைப் பிடித்திழுக்கும் விசையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டயர்களின் உருளும் எதிர்ப்பு. மூன்றில் ஒரு பங்குதான் காற்று. வெறும் வண்டியில் டயர்களின் எதிர்ப்பு முன்னிருந்ததில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் காற்றின் எதிர்ப்பு மாறுவதில்லை. அதனால் வெறும் வண்டியின் மைலேஜ் ஏற்றிய வண்டியைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாது. ஏற்றிய வண்டி 3.6, வெறும் வண்டி 5.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஓடும் 6,000 கிலோமீட்டரில் வழக்கத்தைவிட 800 கிலோமீட்டர் கூடுதலாக வெறும் வண்டியாக ஓடினாலே, எந்தப் பாகமும் மாட்டாமல் சராசரி 3.77 ஆகிவிடும். நீங்கள் கண்ட உயர்வில் பாதிக்கு மேல் மக்காச்சோளம் கிடைக்காததால் வந்திருக்கக்கூடும்.

அடுத்து, மாட்டிய அன்று நடந்த மற்ற வேலைகள். அடைத்த டீசல் ஃபில்டர், தூசி படிந்த இன்டர்கூலர், காற்றுக் குறைந்த டயர்கள் ஆகிய மூன்றும் தனித்தனியாகவே மைலேஜைக் குறைக்கக்கூடியவை. இவற்றைச் சரிசெய்ததோடு பாக்ஸையும் ஃபில்டரையும் மாட்டியதால், எது எவ்வளவு கொடுத்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கடைக்காரர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரு பொருளைச் சோதிக்கும் நாளில் வேறு எதையும் தொடக் கூடாது என்பதை நாம்தான் பிடிவாதமாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் வாங்கிய நேரத்தையும் கவனியுங்கள். மைலேஜ் இறங்கிய மாதத்தில்தான் எந்த ஓனரும் இத்தகைய கடையைத் தேடிப் போவார். மிக மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம், ஒன்றுமே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் கொஞ்சம் தேறும். உங்கள் இரண்டாவது வண்டியின் மே, ஜூன், ஜூலைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அதிலும் உயர்வு இருந்தால், அந்த உயர்வுக்கும் பாக்ஸுக்கும் சம்பந்தமில்லை.

டயர் மாற்றியதில் ஒரு நுட்பம் இருக்கிறது; பலர் கவனிப்பதில்லை. 10.00ஆர்20 டயரின் விட்டம் ஏறத்தாழ 1,050 மில்லிமீட்டர். பட்டை 12 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 24 மில்லிமீட்டர் குறைகிறது. அதாவது இரண்டு சதவீதத்துக்கு மேல். சக்கரம் சுற்றும் எண்ணிக்கையைக் கொண்டுதான் ஓடோமீட்டர் தூரத்தைக் காட்டுகிறது. ஆகவே தேய்ந்த டயரில் அது கூடுதலாகவும், புது டயரில் குறைவாகவும் காட்டும். உங்கள் விஷயத்தில் இந்தப் பிழை மைலேஜைக் குறைத்துக் காட்டும் பக்கம்தான் வேலை செய்திருக்கிறது. அதோடு, புது டயரின் தடித்த பட்டை தேய்ந்த டயரைவிடக் கடினமாக உருளும். இப்படி எதிரெதிராக இழுக்கும் காரணங்கள் நான்கைந்து ஒரே மாதத்தில் சேர்ந்த பின், 0.3 என்ற ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. சோதனைக் காலத்தில் தூரத்தை ஓடோமீட்டரில் பார்க்காமல் ஜிபிஎஸ் கணக்கில் பாருங்கள்.

இனி, சோதிக்கும் வழி. நடைக்கு நடை மைலேஜ் ஐந்து சதவீதம் ஏறி இறங்குகிற ஒற்றை வண்டியில், மூன்று சதவீத மாற்றத்தை நம்பிக்கையோடு பிரித்தறிய வேண்டுமானால், பாகம் இல்லாமல் நாற்பது நடையும் பாகத்தோடு நாற்பது நடையும் தேவைப்படும். அதற்குள் ஒரு ஆண்டு போய்விடும். ஆனால் உங்களிடம் பெரும்பாலோருக்கு வாய்க்காத ஒன்று இருக்கிறது: ஒரே வயதுள்ள இரட்டை வண்டிகள். அமெரிக்காவில் லாரி உதிரிபாகங்களைச் சோதிக்க நெடுங்காலமாகப் பயன்படும் எஸ்ஏஇ ஜே1321 என்ற முறை இந்த இரட்டை வண்டி யோசனையின்மேல்தான் நிற்கிறது. ஒரு வண்டியில் எதையும் மாற்றாமல் ஒப்பீட்டு வண்டியாக வைத்துக்கொள்வார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே எடையோடு, சில நிமிட இடைவெளியில் ஓட்டுவார்கள். தனி டேங்கில் டீசலை எடைபோட்டு, சோதனை வண்டி குடித்ததை ஒப்பீட்டு வண்டி குடித்ததால் வகுத்து விகிதம் எடுப்பார்கள். அந்த முறையின் பழைய பதிப்பில், மூன்று ஓட்டங்களின் விகிதங்கள் இரண்டு சதவீதத்துக்குள் ஒன்றோடொன்று ஒத்துவந்தால்தான் அதை ஏற்றார்கள். பிறகு பாகத்தை மாட்டி மறுபடியும் மூன்று ஓட்டம். காற்று, மழை, வெயில், நெரிசல் அனைத்தும் இரண்டு வண்டிகளையும் ஒன்றாகவே பாதிப்பதால், விகிதத்தில் அவை பெரும்பாலும் அடிபட்டுப் போகின்றன. ஆடிக்காற்று எதிரே அடித்தாலும் இரண்டுக்கும்தானே அடிக்கிறது.

நம் ஊரில் இதை எளிமையாகச் செய்யலாம். முதல் வண்டியிலிருந்து இரண்டு பொருள்களையும் கழற்றிவிட்டு, பழைய ஃபில்டரையே மாட்டாமல், கம்பெனி ஃபில்டர் ஒன்றைப் புதிதாகப் போடுங்கள். இரண்டாவது வண்டிக்கும் அதையே செய்யுங்கள். அடைத்த ஃபில்டரோடு ஒப்பிட்டால் எந்தப் புது ஃபில்டரும் ஜெயிக்கும். இரண்டு வண்டிகளையும் அதே எடைமேடையில் நிறுத்தி, எடை வித்தியாசம் சில நூறு கிலோவுக்குள் இருக்குமாறு ஏற்றுங்கள். டயர் காற்றை விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பே பாருங்கள். அந்தந்த டிரைவர் அந்தந்த வண்டியிலேயே இருக்கட்டும். பாகம் எந்த ஓட்டத்தில் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல வேண்டாம். புதுப்பொருள் மாட்டியிருப்பது தெரிந்தாலே கால் தானாகப் பக்குவமாக மிதிக்கும். அது அவர்கள் குற்றமில்லை, மனித சுபாவம்.

டீசல் அளவுதான் கடினமான பகுதி. பெட்ரோல் பங்கின் கருவிக்குச் சட்டம் அனுமதிக்கும் பிழை 5 லிட்டருக்கு 25 மில்லி, அதாவது அரை சதவீதம். அதைவிடப் பெரிய பிழை டேங்கை நிரப்புவதில் வருகிறது. தரை சற்றுச் சாய்ந்திருந்தால் ஃபுல் டேங்க் என்பது இரண்டு லிட்டர் முன்பின் ஆகும். டீசல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 சதவீதம் விரியும் என்பதால், 300 லிட்டர் டேங்க் 10 டிகிரி சூடேறினால் இரண்டரை லிட்டர் அதிகமாகத் தெரியும். ஆகவே ஒரே பெட்ரோல் பங்க், ஒரே பம்பு, தரையில் சாக்பீஸால் குறித்த ஒரே இடம், ஏறக்குறைய ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவழித் தூரமான 350 கிலோமீட்டரில் 97 லிட்டர்தான் செலவாகும். அதில் இரண்டு லிட்டர் பிழை என்பது இரண்டு சதவீதம். போய்வரும் 700 கிலோமீட்டருக்குக் கணக்கெடுத்தால் அது ஒரு சதவீதமாகக் குறையும். அப்படியும் ஒன்றரை சதவீதத்துக்குக் கீழ் உள்ள வித்தியாசத்தை இந்த முறையில் நம்ப வேண்டாம்.

போய்வரும் நடையை முழுதாக எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சேலத்திலிருந்து ஓசூர் போவதற்குள் வண்டி ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏறுகிறது. 35 டன்னை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 15 லிட்டர் டீசல் ஆகும். எந்தப் பாகமும் மாற்றாமல், ஏறும் நடையையும் இறங்கும் நடையையும் ஒப்பிட்டே ஒருவர் இருபது சதவீத முன்னேற்றத்தைக் காட்டிவிட முடியும். அப்படிக் காட்டிய ஒரு விற்பனைத் தாளை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

பதில்: டீசல் பம்பு பட்டறை, நாமக்கல்

ஐயா எழுதியதற்கு மேல் சோதனை முறையில் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த பாக்ஸ் என்ன செய்கிறது என்பதை அண்ணன் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது.

காமன் ரெயில் எஞ்சினில், ரெயில் எனப்படும் பொதுக் குழாயில் டீசல் உயர் அழுத்தத்தில் நிற்கும். அந்த அழுத்தத்தை சென்சார் சொல்ல, எஞ்சினின் கணினியான ஈசியு அதை வைத்துத்தான் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்கிறது. நீங்கள் மாட்டிய வகை பாக்ஸ் நடுவில் நின்று, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகச் சொல்கிறது. ஈசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. திறக்கும் நேரத்தையோ குறைந்த அழுத்தத்துக்கு ஏற்றபடியே வைக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஈசியு நினைத்ததைவிட அதிக டீசல் உள்ளே போகிறது. தொப்பூர் ஏற்றத்தில் இழுவை கூடியது என்று டிரைவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். அது மிச்சமான டீசலால் வந்த இழுவை அல்ல. கூடுதலாக எரித்த டீசலால் வந்தது.

டேஷ்போர்டு 4.4 காட்டுவதற்கும் இதுவே காரணம். எவ்வளவு டீசல் தெளித்தோம் என்று ஈசியு போட்டுக்கொள்ளும் கணக்கைத்தான் டேஷ்போர்டு காட்டுகிறது. அந்தக் கணக்கையே பாக்ஸ் ஏமாற்றுவதால், உண்மையில் போனதைவிடக் குறைவாகப் போனதாக அது எண்ணுகிறது. உங்கள் பங்க் கணக்கில் 3.9, டேஷ்போர்டில் 4.4 என்ற இடைவெளியே இதற்குப் போதுமான சாட்சி. இத்தகைய பாக்ஸ் மாட்டிய வண்டியில் டேஷ்போர்டு மைலேஜை ஒருபோதும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

கூடுதல் டீசல் உள்ளே போகும்போது புகைக்கழிவின் வெப்பம் உயர்கிறது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவும் பிஸ்டன் தலையும் அதைத் தாங்க வேண்டும். புகைக்கரி கூடினால், அதைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி சீக்கிரம் நிறைந்து, அதை எரித்துச் சுத்தம் செய்வதற்கே எஞ்சின் அடிக்கடி டீசலைச் செலவழிக்கும். உங்கள் வண்டி பிஎஸ்6 என்பதால், வாரன்டியும் காப்பீடும் சிக்கலாகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சோதனைக்காகக்கூட அதை மறுபடியும் மாட்ட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

ஏர் ஃபில்டரைப் பொறுத்தவரை, டீசல் எஞ்சின் எப்போதும் எரிக்கத் தேவையானதைவிட அதிகக் காற்றோடுதான் ஓடுகிறது. நல்ல காகித ஃபில்டர் புதிதாக இருக்கும்போது அதில் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய 2 முதல் 3 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தம் 100 கிலோபாஸ்கல் என்று பார்த்தால், அதை முழுதாக நீக்கினாலும் கிடைப்பது சொற்பம்; அதையும் டர்போ ஈடுசெய்துவிடுகிறது. ஃபில்டர் 6 கிலோபாஸ்கல் அளவுக்கு அடைத்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதனால்தான். காற்று தாராளமாகப் போகிறது என்றால், அதோடு தூசியும் தாராளமாகப் போகிறதா என்பதே என் முதல் கேள்வி. அதை மைலேஜில் பார்க்க முடியாது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது பழைய ஆயிலில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். முந்தைய தடவையைவிட சிலிக்கான் கூடி, அதோடு இரும்பும் குரோமியமும் சேர்ந்து கூடியிருந்தால், மணல் உள்ளே போய் லைனரையும் ரிங்கையும் தேய்க்கிறது என்று பொருள். ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்த தூசி பிடிக்கும் திறன் எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். காற்று எவ்வளவு போகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாத ஃபில்டரை நான் என் வாடிக்கையாளர் வண்டியில் மாட்டுவதில்லை.

பதில்: சங்ககிரி ஆறு வண்டி

நானும் தம்பியும் சேர்ந்து ஆறு வண்டிகளை நடத்துகிறோம். வெளிச்சந்தைப் பொருள் எல்லாமே பயனற்றது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

கேபின் மேல் வைக்கும் காற்றுத் தடுப்பு ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். மேலாளர் ஐயா சொன்னதைப் போன்ற இரட்டை வண்டி முறையிலேயே சோதித்தோம். பொள்ளாச்சியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தென்னைநார்க் கட்டுகள் ஏற்றும் வண்டியில், மாட்டி ஆறு நடை, கழற்றி ஆறு நடை, பக்கத்திலேயே எதையும் மாற்றாத வண்டி என்று ஓட்டியதில், டீசல் ஏறத்தாழ நான்கு சதவீதம் குறைந்தது. கழற்றியபோது பழைய நிலைக்குத் திரும்பியது, மறுபடி மாட்டியபோது மறுபடியும் குறைந்தது. கழற்றினால் பலன் போக வேண்டும் என்பதை நாங்கள் முக்கியமாகப் பார்த்தோம், ஏனென்றால் மாட்டியபோது வந்த பலன் கழற்றிய பிறகும் அப்படியே நின்றால் அது வேறு எதனாலோ வந்தது.

அதே பொருளை சிமெண்ட் வண்டிக்கு மாற்றியபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. நார்க்கட்டு கேபினுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது, எடை குறைவு, நெடுஞ்சாலையில் வேகமும் சீராக இருக்கிறது. அங்கே வண்டியை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு காற்றுக்கு. சிமெண்ட் மூட்டைகளோ கேபின் உயரத்துக்கே வருவதில்லை. அங்கே அந்தத் தடுப்பு எதை மறைக்கப் போகிறது? பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, இந்த லோடுக்கும் இந்த வேகத்துக்கும் அது எதைக் குறைக்கிறது என்று கேட்டதுதான் எங்களுக்கு உதவியது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு உயர்த்தும் ஒன்றையும் காணவில்லை. அதே முகமை 2004இல் தொடங்கிய ஸ்மார்ட்வே திட்டத்தில், லாரிகளுக்கான காற்றுத் தடுப்புகளையும் குறைந்த உருளும் எதிர்ப்புள்ள டயர்களையும் சோதனை முடிவுகளின் அடிப்படையில் அங்கீகரித்திருக்கிறது. வண்டியை எதிர்க்கும் விசையைக் குறைக்கும் பொருளுக்குப் பலன் காட்ட இடம் இருக்கிறது. டீசல் குழாயில் காந்தம் கட்டுவதற்கும், வண்டியின் ஆல்டர்னேட்டர் மின்சாரத்திலேயே தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை எஞ்சினுக்குக் கொடுப்பதற்கும் அந்த இடம் இல்லை. எஞ்சினில் ஒரு இழப்பு, ஆல்டர்னேட்டரில் ஒரு இழப்பு, தண்ணீரைப் பிரிப்பதில் ஒரு இழப்பு என்று போனபின் கிடைக்கும் ஹைட்ரஜன், அதற்காக எரித்த டீசலின் ஆற்றலில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது.

கேட்டவர்: பரமத்தி லாரிக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாக்ஸை நேற்றே கழற்றிவிட்டேன். இரண்டாவது வண்டியின் பழைய கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுமே மாட்டாத அந்த வண்டியிலும் மே மாதம் 3.7 இருந்தது, ஜூலையில் 3.9 ஆகியிருக்கிறது. ஃபில்டரை மட்டும் ஐயா சொன்ன முறையில் சோதிக்கப் போகிறேன்.

லைனரைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம். அது மைலேஜ் சம்பந்தப்பட்ட பொருள் இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைத்தால் அதை நல்ல லைனர் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சேலம் ஓய்வுபெற்ற பராமரிப்பு மேலாளர்

எடுத்துக்கொள்ளக் கூடாது தம்பி. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு மகிழ்ச்சி, ஏனென்றால் நீங்கள் மாற்றியவற்றில் உயிரோடு சம்பந்தப்பட்டது இது ஒன்றுதான்.

லைனரின் வேலை வண்டியை நிறுத்துவது; அதிலும் சூடான நிலையில் நிறுத்துவது. 35 டன் வண்டி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் 34 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். அது ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் வரும் வெப்பம். சிறிய கியரில் எஞ்சின் பிரேக்கோடு இறங்கினால் ஒரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி ட்ரம்முக்கும் லைனருக்கும் போகும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூரில் இறங்கும்போது நடந்த விபத்துகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

லைனரின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வையும், இரண்டாவது எழுத்து சூடேறிய பின் உள்ள உராய்வையும் குறிக்கும். ஈ என்றால் உராய்வெண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. எஃப் எஃப் என்று இருந்தால் சூட்டிலும் பிடிப்பு அதே வகுப்பில் நிற்கிறது. எஃப் ஈ என்று இருந்தால் சூட்டில் ஒரு படி இறங்குகிறது. அதிக நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகக் கெட்டியாகச் செய்யும் லைனரில் பிடிப்பு குறைவாக இருக்கவோ, லைனர் நீடித்து ட்ரம் சீக்கிரம் தேயவோ வாய்ப்பு உண்டு. ஆகவே லைனர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு, ட்ரம்மின் உள்விட்டம் எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். எழுத்தே அச்சிடாத லைனராக இருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள்.

சாலையில் பிரேக்கை எரித்துப் பார்க்கும் சோதனை எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். வழக்கமாக இறங்குவதைப் போல இறங்கி, அடிவாரத்தில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு அடைகட்டை வைத்துவிட்டு, தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவியால் ஒவ்வொரு ட்ரம்மையும் பாருங்கள். ஒரே அச்சில் இடதும் வலதும் பெரிதாக மாறுபட்டால், லைனர் நல்லதாக இருந்தாலும் சரிப்படுத்தலில் கோளாறு இருக்கிறது. இரட்டை வண்டியில் கம்பெனி லைனர் இருக்கிறதல்லவா? இரண்டையும் அடுத்தடுத்து இறக்கி, அதே இடத்தில் அளவெடுத்து ஒப்பிடுங்கள். டிரைவரிடம், இறக்கத்தின் பாதியில் பெடல் முன்னைவிட ஆழமாகப் போகிறதா, அதே வேகத்தைப் பிடிக்க முன்னைவிடக் கடினமாக அழுத்த வேண்டியிருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். லைனர் விஷயத்தில் டிரைவரின் காலைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

கேட்டவர்: பரமத்தி லாரிக்காரர்

இருபது நாள் கழித்து எழுதுகிறேன். லைனரில் எஃப் ஈ என்றே இருந்தது. இரண்டு வண்டிகளுக்கும் எஃப் எஃப் லைனராக மாற்றிவிட்டேன்.

இரண்டு வண்டிகளிலும் கம்பெனி ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, பாகம் எதுவும் இல்லாமல் மூன்று நடை ஒன்றாக ஓட்டிவிட்டேன். எடை வித்தியாசம் 200 கிலோவுக்குள் இருந்தது. முதல் வண்டி 191, 194, 190 லிட்டரும், இரண்டாவது வண்டி 197, 199, 196 லிட்டரும் குடித்தன. மூன்று விகிதங்களும் 0.97 என்றே வருகின்றன. மாட்டி விற்ற பொருள் ஒன்றுகூட இல்லாத நிலையிலேயே முதல் வண்டி மூன்று சதவீதம் குறைவாகக் குடிக்கிறது என்பது எனக்கு இதுவரை தெரியாது. பாக்ஸோடு இரண்டு வண்டிகளையும் நேராக ஒப்பிட்டிருந்தால் அந்த மூன்றையும் பாக்ஸின் கணக்கில் எழுதியிருப்பேன்.

எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியின் கிளட்ச், தேவைப்படும்போது மட்டும் பிடிக்காமல், இரண்டாவது வண்டியில் எப்போதும் பிடித்தபடியே சுற்றி டீசலை வீணாக்குகிறது என்று பட்டறைத் தம்பி கண்டுபிடித்திருக்கிறார். அதைச் சரிசெய்துவிட்டு, விகிதத்தை மறுபடியும் மூன்று நடை எடுத்த பிறகுதான் அந்த ஏர் ஃபில்டரை முதல் வண்டியில் மாட்டப் போகிறேன். எண்களை இங்கேயே எழுதுகிறேன்.